ரெண்டாவது வளைவில் பொம்மை ரயில்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை எட்டு நாள் நடக்கும். தேனியிலிருந்து கம்பம் சாலையில் எட்டு கிலோமீட்டர் அளவில், முல்லைப் பெரியாற்றின் கரையில் கோயில். கோயிலில் கம்பம் நட்ட நாளிலிருந்தே ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு தண்ணீர் எடுத்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். தீச்சட்டி, ஆயிரங்கண் பானை, வெள்ளிக்கிழமை தேர் என்று பெரியவர்களுக்கு அது அம்மன் திருவிழா. சின்னமனூர், உத்தமபாளையம், போடிப் பிள்ளைகளிடம் கேட்டால் ராட்டினத் திருவிழா என்றுதான் சொல்வார்கள்.

திருவிழாவுக்கு முந்தைய நாட்களில், லாரிகள் வந்து இரும்பை இறக்கிக்கொண்டிருந்தபோது நான் ராட்டின மைதானத்துக்குப் போனேன். டோரா, சோட்டா பீம், மிக்கி மவுஸ் என்று கார்ட்டூன் முகம் ஒட்டிய சிறுவர் ராட்டினங்களை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உலகத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் இது தீராத வழக்கு. அனிமேஷன் படத்தை வைத்துக் கட்டும் சவாரி குழந்தைகள் பகுதியில் இருக்க வேண்டுமா, கதை நடக்கும் நிலத்துக்குப் பொருத்தமான பகுதியில் இருக்க வேண்டுமா என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். வீரபாண்டியில் அந்த வழக்கு ஒரு முற்பகலில், ஒரு சட்டி சுண்ணாம்புப் பொடியில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பொடியால் இடம் குறித்தவர் ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி. பையனாக இருந்தபோது நாலு பெட்டி வைத்த மர ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றியவர். இப்போது சிறுவர் ராட்டினங்கள் சிலவும் ஒரு பொம்மை ரயிலும் அவருடைய பொறுப்பு. மைதானத்தை ஏலம் எடுத்தவர் ஒருவர். அவரிடம் இடம் வாங்கி ராட்டினம் போடுகிறவர்கள் பலர். விருதுநகர் பங்குனிப் பொங்கல், மதுரை சித்திரைப் பொருட்காட்சி என்று இவர்களுக்கு ஒரு சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றில் வீரபாண்டி, விடிய விடிய ஆள் நடமாடும் ஊர். அதனால் இங்கே இடத்துக்குப் போட்டி அதிகம்.

"பொம்மையை வாசல்லயே வச்சா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"வாசல்ல வச்சா வாசல்லயே நிப்பாய்ங்க. பின்னாடி வர்றவன் எங்கிட்டுப் போவான்?"

கையில் கயிறோடு என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். நடைபாதையின் முதல் வளைவில் வளையல் கடை, பாத்திரக் கடை. சாமி கும்பிட்டு வருகிறவர்கள் கையில் தேங்காய்ப் பழத் தட்டு, இடுப்பில் பிள்ளை. அம்மாக்களின் மனசு இன்னும் கோயிலுக்குள்ளேயே இருக்கும், அங்கே ராட்டினத்தைக் காட்டினால் திட்டுத்தான் விழும் என்றார். இரண்டாவது வளைவில்தான் குடும்பம் மூச்சு விடும், "என்னடா வேணும்" என்று பிள்ளையைக் கேட்கும். மூன்றாவது வளைவு போனால் அப்பா பையில் இருக்கும் பணத்தை எண்ணியிருப்பார். ஆகவே ரயிலுக்கு இரண்டாவது வளைவு.

அந்த வளைவில் அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். குந்தினபடியே நாலைந்து எட்டு வைத்து நகர்ந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். பிறகு இரும்புப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றும் பார்த்தார். "நடக்குற புள்ளைக்கு ஒரு கண்ணு, இடுப்புல இருக்குறதுக்கு ஒரு கண்ணு, அப்பன் தோள்ல இருக்குறதுக்கு ஒரு கண்ணு. நடக்குறதுக்கு வேட்டியும் சேலையும்தாண்ணே தெரியும்." அதனால் ரயில் எஞ்சினின் முகம் தரையை ஒட்டி, கூட்டம் பிரியும் சந்துக்கு நேராக வரும். தோளில் இருக்கும் பிள்ளைக்காக உயரத்தில் இன்னொரு பொம்மை, விளக்குச் சரத்தோடு. ரயிலை ஓட்டுகிறவருக்கும் ஓர் உத்தரவு உண்டு: எங்கே நிறுத்தினாலும் எஞ்சின் முகம் நடைபாதையைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு சுற்று முடிந்து ஆள் இறங்கும் நேரம்தான் அடுத்த டிக்கெட்டுக்கு விளம்பரம்.

வைக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அவரிடம் இன்னும் நீளம். ஆற்றுப் பக்கம் கூடாது. பொம்மையைப் பார்த்தால் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடும், பெற்றவளுக்கு வயிறு கலங்கும். தீச்சட்டி வரும் பாதையை ஒட்டிக் கூடாது. அனலும் உறுமிச் சத்தமும் சேர்ந்து பிள்ளையை மிரட்டிவிடும், சட்டி எடுத்து வருகிறவருக்கும் வழி வேண்டும். மரணக்கிணறு பக்கமே ஆகாது. மோட்டார் சைக்கிள் பலகையில் ஏறும்போது வரும் இரைச்சலில் நாலு வயசுப் பிள்ளை அழ ஆரம்பித்தால் அந்தக் குடும்பம் அன்றைக்கு எந்த ராட்டினத்திலும் ஏறாது. ஜெனரேட்டர் புகை வரும் திசையும் கூடாது. மேற்கு வெயில் ஒரு பெரிய கணக்கு. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை பைபர் இருக்கையும் கைப்பிடிக் கம்பியும் தொட முடியாமல் சுடும் என்பதால், வேப்ப மரமோ உயரமான பந்தலோ மேற்கே இருக்கிற மாதிரி இடம் பார்க்கிறார்கள். மரம் கிடைக்காதவர்கள் தார்ப்பாய் கட்டுகிறார்கள்.

பெரிய ராட்டினம் மட்டும் மைதானத்தின் கடைசியில். யாரும் சொல்லாமலே அதற்கு அந்த இடம். வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் அப்பாலிருந்து அதன் விளக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் ஆள் கடைசிவரை நடந்து வருவான், வழியில் உள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வருவான். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது வால்ட் டிஸ்னி செய்ததும் இதைத்தான். வாசலிலிருந்து நேரே தெரிகிற மாதிரி கோட்டையை நிறுத்தினார். பீட்டர் பேன், ஸ்னோ ஒயிட் சவாரிகளை அந்தக் கோட்டைக்குப் பின்னால் வைத்தார். பிள்ளைகளின் படங்கள் வாசலில் இல்லை. கோட்டை வாயிலைக் கடந்து போனால்தான் உண்டு. மேஸ்திரிக்கு டிஸ்னியைத் தெரியாது. மிக்கி மவுஸைத் தெரியும்: காற்றடைத்துக் குதிக்க விடுகிற பலூனுக்குத் தொழிலில் அதுதான் பெயர், முகம் யாருடையதாக இருந்தாலும்.

பொம்மை ரயிலைப் பூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வளைந்த தண்டவாளத் துண்டுகளை முட்டை வடிவில் பரப்பி, போல்ட் போட்டு இணைக்கிறார்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை ஒருவர் ஒரு முனையிலும் இன்னொருவர் எதிர்முனையிலும் பிடித்து மட்டம் பார்க்கிறார்கள். தாழ்ந்த பக்கம் மரக்கட்டை சொருகுகிறார்கள். ஒரு விரல் தாழ்ந்தாலும் அந்த இடத்தில் ரயில் இழுக்கும், மோட்டார் சூடேறும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு மத்தியானம் மத்தியானம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சித்திரையில் கம்பம் பள்ளத்தாக்கில் திடீரென்று காற்றோடு கோடை மழை அடிக்கும். இரும்பு, மின்சாரம், ஈரம், பிள்ளைகள் நாலும் ஓர் இடத்தில் சேரும் தொழில் இது. மழை வாசனை வந்தாலே மேஸ்திரி கை மெயின் சுவிட்சுக்குப் போகிறது. பொதுப்பணித்துறை, தீயணைப்பு, மின்வாரியம், காவல்துறை என்று வாங்க வேண்டிய சான்றுகள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் டிக்கெட் பெட்டியின் மேலேயே தொங்குகின்றன.

ரயில் பெட்டி ஒன்றில் இருக்கைக்கு அடியில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். மேலே சோட்டா பீமின் காவி. அதற்கு அடியில் டோராவின் ரோஸ். அதற்கும் அடியில் பச்சை. அது பழைய டிராகன் ரயில் என்றார் உதவிக்கு நின்ற தம்பி. 2007இல் சுட்டி டிவி வந்து டோரா தமிழ் பேச ஆரம்பித்த பிறகு டிராகன் போனது. 2008இல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் சோட்டா பீமைக் கொண்டுவந்தது. சில வருஷத்தில் டோராவும் போனாள். தண்டவாளம் அதே. மோட்டார் அதே. இரண்டாவது வளைவும் அதே.

வெளிநாட்டுப் பூங்காக்காரர்களும் இதைத்தான் கொஞ்சம் கௌரவமாகச் செய்கிறார்கள். டிஸ்னிலேண்டில் 1959இல் ஓட ஆரம்பித்த நீர்மூழ்கிச் சவாரி 1998இல் மூடப்பட்டது. 2007இல் அதே குளத்தில் 'ஃபைண்டிங் நீமோ' மீன்களைக் காட்டித் திறந்தார்கள். புளோரிடாவின் எப்காட் பூங்காவில் நார்வே நாட்டின் அரங்கில் 1988 முதல் ஒரு படகுச் சவாரி இருந்தது. 'ஃப்ரோஸன்' படம் சக்கைப்போடு போட்டதும் அந்தப் படகையும் ஓடையையும் வைத்துக்கொண்டே 2016இல் அதை எல்சாவின் சவாரியாக்கினார்கள். கற்பனை ராஜ்யத்துக்கு நிஜ நாட்டின் அரங்கில் என்ன வேலை என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். எனக்கென்னவோ அந்தச் சண்டை தப்பான இடத்தில் நடந்ததாகத்தான் படுகிறது. அங்கே இடம் படத்தைத் தேடிப் போகவில்லை. ஏற்கெனவே இருந்த படகுக்கு ஒரு படம் கிடைத்தது. இருந்த எந்திரம், இருந்த வழி, அதில் நடக்கும் ஆளின் களைப்பு, இவைதான் முதலில் முடிவாகின்றன. கதை வந்து அதன் மேல் உட்கார்கிறது.

இதை மேஸ்திரியிடம் என் பாஷையில் சொல்லிவிட்டு, ஒரு குறையும் சொன்னேன். பீம் தலை வைத்த ரயிலில் பிள்ளை ரெண்டு நிமிஷம் சுற்றுகிறது. அவன் ஊர் டோலக்பூரும் இல்லை, அவன் தின்னும் லட்டும் இல்லை, கதையே இல்லையே என்றேன்.

"கதைய வீட்ல பாத்துட்டுத்தாண்ணே வருது. இங்க வந்து ஏறி உக்காரணும், அம்புட்டுத்தான்."

முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஆனால் மறுத்தும் பேச வரவில்லை. பிள்ளைகள் கதையை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதற்குப் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டரின் பாடு ஒரு சாட்சி. டோரேமானுக்கு இரண்டு காது வைத்துவிட்டார். "பூனைன்னா காது வேணாமா?" என்பது அவர் நியாயம். டோரேமானின் காதை எலி கடித்துத் தின்றுவிட்டது என்ற கதை கூடலூர்ப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. போன வருஷம் டிக்கெட் வாங்க வந்த வாண்டுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். இந்த வருஷம் காதுகளை அறுத்துவிட்டு, வெட்டுப்பட்ட இடத்தில் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். கதை இல்லாத இடத்திலும் கதையின் கணக்குச் சரியாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2007இல் தமிழில் 'இனிமே நாங்கதான்' என்ற முப்பரிமாண அனிமேஷன் படம் வந்தது. இசை இளையராஜா. அவர் பிறந்த பண்ணைப்புரத்திலிருந்து இந்தத் திருவிழாவுக்கு இன்றும் ஜனம் வருகிறது. அந்தப் படத்தின் பாத்திரம் ஒன்றுகூட நான் பார்த்த எந்த வண்டியிலும் இல்லை. பெயிண்டருக்கும் தெரியவில்லை, மேஸ்திரிக்கும் தெரியவில்லை. டிவியில் தினம் வராத முகத்துக்கு ராட்டினத்தில் இடம் கிடையாது.

டிக்கெட் பெட்டியில் உட்காருவது மேஸ்திரியின் சம்சாரம். வளைவில் வண்டி நிறுத்தும் கணக்கைவிட அவருடைய கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அழுகிற பிள்ளையை ஏற்ற மாட்டார். "அழுதுக்கிட்டே ஏறுன புள்ளையப் பாத்து வரிசையில நிக்கிற அம்புட்டும் அழுகும்ணே. ஒரு டிக்கெட்டுக்கு ஆசப்பட்டா பத்து டிக்கெட் போயிரும்." ஒரு பிள்ளை ஏறினால் இரண்டு பெரியவர்கள் வேலியோரம் நிற்பார்கள் என்பதால், அந்த வேலியோரமாகவே டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் போடுகிறவர்கள் இடம் கேட்டு நச்சரிக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி பிள்ளைகள் இறங்கும் வழியில் வரக் கூடாது என்று அவர்தான் மறித்து நிற்கிறார். அப்பளக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பத்தடி தள்ளிப் போனார்.

வேலைக்காரர்களில் பாதிப் பேர் உள்ளூர், மீதி வடக்கத்திப் பையன்கள். ராத்திரி சுற்றி, பகலில் ராட்டினத்துக்கு அடியிலேயே படுதாவைக் கட்டித் தூங்குகிறார்கள். குளிக்க ஆறு இருப்பதால் வீரபாண்டி அவர்களுக்குப் பிடித்த ஊர். அவர்களில் ஒருவன், பெரிய ராட்டினத்தில் ஆள் ஏற்றும் முறையைக் காட்டினான்: ஒரு தொட்டி நிரம்பினால் அடுத்தது பக்கத்துத் தொட்டி இல்லை, நேர் எதிரே உள்ளது. எடை ஒரு பக்கம் சாயாமல் அப்படியே எதிரும் புதிருமாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும். கழற்றும்போதும் அதே வரிசை. கடைசிச் செவ்வாய் இரவு முதலில் கழற்ற ஆரம்பிப்பது பெரிய ராட்டினத்தை. அதற்கு நேரம் பிடிக்கும். சிறுவர் ராட்டினங்கள் விடியும்வரை சுற்றும், மிச்சம் மீதி வருகிற குடும்பங்களுக்காக.

வைகை அணைப் பூங்கா மாதிரி நிரந்தரமான இடத்தில் கார்ட்டூன் சவாரி போட்டால் எங்கே போடலாம் என்று கிளம்பும்போது கேட்டேன். 1959இல் திறந்த அணை. இரு கரையிலும் தோட்டம். அவர் யோசிக்கவே இல்லை. முதலில் அங்கே பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும், அந்த நிழலுக்குக் கண்ணெட்டும் தூரத்தில் பொம்மை ரயில், தண்ணீர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம் என்றார். என்ன படம் போடலாம் என்றதற்கு, "அது அப்பறம் பாத்துக்கலாம்ணே" என்றார்.

அதற்குள் போன் வந்தது. அடுத்த ஊர்த் திருவிழாவில் மைதானம் எடுத்தவர். மேஸ்திரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தினார்: "மூணாவது வளைவுன்னா சும்மா குடுத்தாலும் வேணாம். ரெண்டாவது குடுங்க, மேல போட்டுத் தாரேன். பக்கத்துல மரணக்கிணறு இல்லைல்ல? அதச் சொல்லுங்க மொதல்ல."