கேட்பார் இல்லாத காலத்திலும்

1968-ஆம் ஆண்டு. இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் தன் நண்பரோடு குதிரை வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் தீவுகளை நோக்கிக் கிளம்பினார். குதிரையின் பெயர் பெஸ். கூடவே ஒரு நாய். ஸ்கை தீவுப் பக்கம் பாடகர் டோனவன் இடம் வாங்கியிருக்கிறார், கலைஞர்கள் அங்கே கூடி வாழலாம் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்ட பயணம். காரில் இரண்டு நாளில் கடக்கிற வழிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது டோனவன் அங்கே இல்லை. வழிநெடுகக் கட்டிய பாட்டுகள் மட்டும் கையில் இருந்தன.

அவர் பெயர் வாஷ்டி பன்யன். ஆக்ஸ்போர்டில் ஓவியம் படிக்கப் போனவர்; கிதாரும் கையுமாகவே இருந்ததால் கல்லூரியை விட்டு வெளியே அனுப்பப்பட்டார். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் அவரைப் பாடவைத்து ஒரு தட்டு வெளியிட்டார். அது எடுபடவில்லை. அந்த ஏமாற்றத்தோடுதான் வண்டி ஏறினார்.

வழியில் பிறந்த பாட்டுகளை ஜோ பாய்ட் என்ற தயாரிப்பாளர் 1969-இன் இறுதியில் லண்டனில் ஒலிப்பதிவு செய்தார். ராபர்ட் கிர்பி சில பாட்டுகளுக்கு இசைக்கோவை எழுதினார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்ப்ரிக் வயலின் வாசித்தார். வயல், மழை, விடியல், உழைப்பு என்று கண்ணால் கண்டவற்றைக் காதோடு சொல்வதுபோன்ற மெல்லிய குரல். ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ என்ற அந்த முதல் ஆல்பம் 1970-இல் வெளிவந்தது. வாங்குவார் இல்லை. விற்றது சில நூறு பிரதிதான் என்பார்கள்.

வாஷ்டி கிதாரை ஓரமாக வைத்தார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமப்புறங்களில் குடும்பம் நடத்தினார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1997 வாக்கில், வீட்டுக்கு வந்த கணினியில் தன் பெயரைத் தேடிப் பார்த்தார். யாரும் சீந்தாத அந்த ஆல்பத்தைப் பலர் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். பழைய இசைத்தட்டு ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுக்கவும் ஆள் இருந்தது. 2000-இல் அது குறுந்தகடாக மறுபடி வந்தது. இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். முதல் ஆல்பத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2005-இல், தன் அறுபதாவது வயதில் இரண்டாவது ஆல்பம் ‘லுக்ஆஃப்டரிங்’ செய்தார். 2014-இல் மூன்றாவதும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கே நிறுத்தி, “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்று முடிப்பார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. காலம் எல்லாரையும் திரும்பத் தேடி வருவதில்லை. நன்றாகச் செய்த எத்தனையோ வேலைகள் பரணிலேயே செல்லரித்துப் போகின்றன. காலம் வரும் என்ற நம்பிக்கையை இளையவர்களுக்கு நான் வாக்குறுதியாகத் தர முடியாது.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த நெடிய இடைவெளியில் தன் பிள்ளைகளுக்குக்கூடத் தான் பாடவில்லை என்று வாஷ்டியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடையில் விலைபோகவில்லை என்பதற்காக வீட்டிலும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. புகழ் முப்பது ஆண்டு தாமதமாக வந்ததை நான் பெரிய இழப்பாக நினைக்கவில்லை. தொட்டிலருகே பாடப்படாத பாட்டுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். புகழ் பிந்தி வரலாம். பிள்ளையின் மூன்று வயது பிந்தி வராது.

இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பது வயதில் நான் பத்திரிகைக்கு அனுப்பிய மூன்று கதைகள் திரும்பி வந்தன. நோட்டுப் புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் ராத்திரியில் கதை கேட்டு அடம்பிடித்தபோதெல்லாம் அச்சிட்ட புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டினேன். நானாக ஒரு கதை சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் திருப்பி அனுப்பியதற்கு என் மகளைப் பட்டினி போட்டேன் என்பது இந்த எழுபத்திரண்டு வயதில்தான் உறைக்கிறது.

ஆகவே, பாடத் தெரிந்த, வரையத் தெரிந்த, எழுதத் தெரிந்த பிள்ளைகளே, ஒன்று சொல்கிறேன். உங்கள் வேலையைச் சந்தைக்கும் கொண்டுபோங்கள், அதில் வெட்கமில்லை. விற்காவிட்டால் வருந்துங்கள்; அதிலும் தவறில்லை. ஆனால் விற்கவில்லை என்ற சேதி சந்தையோடு நிற்கட்டும். அதை அடுக்களைக்கும் தொட்டிலுக்கும் சுமந்துகொண்டு வராதீர்கள். உங்கள் பாட்டைக் கேட்க ஒரே ஒரு குழந்தை இருந்தாலும் அதன் முன் பாடுங்கள்.

இப்போது பேத்திக்கு ராத்திரியில் சொந்தக் கதை சொல்கிறேன். சில நாள் பாதியிலேயே தூங்கிப்போகிறாள். மிச்சக் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.