எஸ்டீமுக்கு என்ன விலை?

பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவது நம் வீடுகளில் காலம் காலமாக நடக்கிற வியாபாரம். பாத்திரக்காரம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பார்த்து, "சரிகையே போயிருச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார். வீட்டுக்காரம்மா, "அப்ப அந்தக் குண்டாவைக் குடு" என்பார். புடவையின் விலை என்ன, குண்டாவின் விலை என்ன என்று கடைசி வரைக்கும் இரண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டார்கள். அங்கேதான் லாபம் இருக்கிறது. கார் ஷோரூமில் இதற்குப் பெயர் எக்ஸ்சேஞ்ச். ஏசி இருக்கும், காபி கொடுப்பார்கள், மற்றபடி அதே கதைதான்.

கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் 2025 செப்டம்பரில் இந்த வியாபாரத்தில் இறங்கினார். பெயர் வேண்டாம், பட்டறைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் நின்றது 2006 மாடல் மாருதி எஸ்டீம். அப்பா வாங்கியது. மாருதி 1000-த்தின் தம்பியாக 1994-ல் வந்து, 2008-ல் டிசையர் வருவதற்குள் காணாமல் போன வண்டி அது. பத்தொன்பது வருடம் ஓடியும் ஏசி போட்டால் இன்னும் குளிரும். ஆனால் ஆர்டர் கேட்கப் போகிற கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அதை ஓரமாகப் போய் நிறுத்தச் சொல்கிறார் என்பது அவருடைய பல நாள் மனக்குறை. சின்ன சைஸ் சொகுசு எஸ்யூவி ஒன்றை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். எக்ஸ்1, கியூ3, ஜிஎல்ஏ என்று சொல்கிறார்களே, அந்த ரகம். சின்ன சைஸ் என்பது ஜெர்மன்காரன் கணக்கு. எஸ்டீமைவிடச் சுமார் ஒன்றேகால் அடி நீளம், முக்கால் அடிக்கு மேல் அகலம் கூட. வீட்டு கேட்டை இடித்துக் கட்டிய செலவு எந்தக் கொட்டேஷனிலும் வராது.

ஏன் சரியாக செப்டம்பர்? இரண்டு காரணம். ஒன்று, ஜிஎஸ்டி. 1500 சிசி-க்கும் 4 மீட்டருக்கும் மேற்பட்ட எஸ்யூவிகளுக்கு அதுவரை 28 சதவீதம் வரி, அதற்கு மேல் 22 சதவீதம் செஸ், ஆக மொத்தம் 50. செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் செஸ் போய், நேராக 40 ஆனது. வரிக்கு முந்தைய விலை 35.71 லட்சம் என்றால் பழைய வரியில் 53.57 லட்சம், புது வரியில் 50 லட்சம். ஒரே ராத்திரியில் மூன்றரை லட்சம் மிச்சம்!

இரண்டாவது காரணம் ஆடிட்டர். பட்டறை புரொப்ரைட்டர்ஷிப். அதனால் கார் அவர் பெயரிலேயே இருந்தாலும் தொழிலுக்கு ஓடுகிற அளவுக்குத் தேய்மானம் எழுதலாம். வருடத்துக்கு 15 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் கடைசி நாள் அக்டோபர் 3. விஜயதசமி அக்டோபர் 2. லேத் பட்டறைக்காரருக்கு ஆயுத பூஜையைவிட நல்ல நாள் ஏது? சாமியும் வருமான வரியும் ஒரே தேதியைக் காட்டுவது அபூர்வம்.

ஷோரூமில் எஸ்டீமைப் பார்க்க ஒரு பையன் வந்தான். பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரைக் கதவில் வைத்தான், டிக்கியைத் திறந்தான், முகத்தைச் சுளித்தான். முப்பத்தைந்தாயிரம் என்றான். உக்கடத்துப் புரோக்கர் போனிலேயே அறுபது சொல்லியிருந்தார். பட்டறைக்காரருக்குக் கோபம் வருவதற்குள் சேல்ஸ் மேனேஜர் குறுக்கே வந்தார். "சார், அதுக்கு மேல கம்பெனி எக்ஸ்சேஞ்ச் போனஸ் ஒரு லட்சம் இருக்குங்க. மொத்தம் ஒண்ணு முப்பத்தஞ்சு. இந்த வண்டிக்கு வெளிய யாருங்க தருவா?"

மக்களே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த ஒரு லட்சத்துக்கும் எஸ்டீமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஷோரூமுக்கு எஸ்டீமே வேண்டாம், மறுநாளே ஒரு புரோக்கரிடம் தள்ளிவிடுவார்கள். போனஸ் என்பது புதுக் காரின் விலையில் வைத்திருக்கும் தள்ளுபடி. நேராகக் குறைத்தால் வருகிற எல்லோருக்கும் குறைக்க வேண்டும், போர்டில் போட்ட விலைக்கும் மரியாதை போய்விடும். வீட்டில் ஏற்கனவே ஒரு கார் நிற்கிறவனுக்குப் புதுக் கார் வாங்கியே தீர வேண்டும் என்ற அவசரம் கிடையாது. அவனை மட்டும் இழுக்க ஒரு தூண்டில். காமர்ஸ் புத்தகத்தில் விலைப் பாகுபாடு என்று ஒரு பாடம் வருமே, மதியத் தூக்கத்தில் போன அந்தப் பாடம் இதுதான்.

சட்டத்துக்கு இது நன்றாகவே தெரியும். ஜிஎஸ்டி விதி 27-ல் ஒரு உதாரணம் இருக்கிறது. பழைய போனைக் கொடுத்துப் புதுப் போன் இருபதாயிரத்துக்கு வாங்குகிறார் ஒருவர், பழைய போன் இல்லாமல் வாங்கினால் இருபத்து நாலாயிரம். அப்படியானால் புதுப் போனின் மதிப்பு இருபத்து நாலாயிரம்தான், அதற்குத்தான் வரி. குண்டா விலை வேறு, புடவை விலை வேறு என்று அரசாங்கம் பிரித்துத்தான் பார்க்கிறது. வாங்குகிறவர்தான் சேர்த்துப் பார்த்து மயங்குகிறார்.

மற்ற கணக்கையும் போட்டுவிடலாம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம் (2023 நவம்பர் வரை 15 ஆக இருந்தது). 50 லட்சத்துக்குப் பத்து லட்சம். 10 லட்சத்துக்கு மேல் விலை போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ், ஐம்பதாயிரம். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். இன்சூரன்ஸ் இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. ஆக, வண்டி ரோட்டுக்கு வர அறுபத்திரண்டரை லட்சம். இத்தனையிலும் பட்டறைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியது அந்த முப்பத்தைந்தாயிரத்துக்குத்தான்!

அப்புறம் மேனேஜர் ஆர்சி புத்தகத்தைப் பிரித்தார். "ஓனர் வரணுமே சார்?"

ஓனர் 2022 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார்.

அப்பா 2021-ல் தன் கையாலேயே ஆர்சியை 2026 ஜூன் வரை புதுப்பித்து வைத்திருந்தார். அதனால் அவர் போன பிறகும் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. இன்சூரன்ஸ் நிபந்தனையும் கிட்டத்தட்ட அப்படித்தான், இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் தேதி, எது முந்தியோ அதுவரைக்கும். பட்டறைக்காரர் மூன்றரை வருடம் ஓட்டியிருக்கிறார். வருடா வருடம் அப்பா பெயரிலேயே ஆன்லைனில் பிரீமியமும் கட்டியிருக்கிறார். பணம் எடுத்துக்கொண்ட வெப்சைட் அப்பா சௌக்கியமா என்று விசாரிக்கவில்லை.

மேனேஜர் அசரவில்லை. "வாரிசு யாரோ அவங்க கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க சார். மத்ததை ஏஜென்ட் பார்த்துக்குவாரு."

இந்த 'மத்ததை' என்ற வார்த்தைக்குள் நிறைய ஆபத்து இருக்கிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கார் எத்தனை கை மாறினாலும், விபத்து நடந்த அன்று ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு. 2023 ஏப்ரலில் இருந்து, அங்கீகாரம் வாங்கிய பழைய கார் டீலரிடம் முறையாக அறிவித்து ஒப்படைத்தால் பொறுப்பு டீலருக்கு மாறும் என்று விதி வந்தது. அங்கீகாரம் இல்லாத புரோக்கரிடம் போகும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே அப்பாவே இல்லை. செத்தவர் பெயரில் ஓடும் கார் எங்கேயாவது யாரையாவது இடித்தால் நோட்டீஸ் தேடிக்கொண்டு வரும் வீடு எது?

வாரிசு இரண்டு பேர். அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். பட்டறைக்காரரும், பொள்ளாச்சியில் இருக்கும் அக்காவும். 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா சம்பாதித்ததில் மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி, அதில் காரும் அடக்கம். சிக்கல் என்னவென்றால் அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. பட்டறை இருக்கும் இடத்துக்கு அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு கணக்கு முடிந்தது என்று அன்றைக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் யாரோ ஒரு உறவினர் சொல்ல, அக்கா பதில் பேசாமல் பஸ் ஏறியவர்தான்.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடும் ஸ்டாம்ப் பேப்பரோடும் அதே எஸ்டீமில் பொள்ளாச்சி போனார். அக்கா வாசலில் நின்றபடி காரைத்தான் முதலில் பார்த்தார்.

"கையெழுத்துன்னா மட்டும் அக்கா ஞாபகம் வருமாக்கும்?"

அவர் விஷயத்தைச் சொன்னார். முப்பத்தைந்தாயிரத்தில் பாதி, பதினேழாயிரத்து ஐந்நூறை இப்போதே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். உள்ளே இருந்து மாமா கறுப்புக் கண்ணாடியோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகியிருந்தது. தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்லியிருக்க முடியும்?

"வாரம் ஒருக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார்லதான் போய்ட்டு வர்றோம்" என்றார் அக்கா. "இவர் இனி வண்டி ஓட்ட முடியாது. எனக்கு லைசென்ஸ் இருக்குது. அந்தக் கார எனக்குக் குடுத்துரு. வெளி விலை என்ன?"

"அறுபது சொல்றாங்கக்கா. நீ பணமெல்லாம் ஒண்ணும்..."

"உன்ற பங்கு முப்பது. சும்மா ஒண்ணும் வேண்டாம். சும்மா வாங்கினா அப்பறம் அதுக்கும் ஒரு கணக்குச் சொல்லுவீங்க."

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஷோரூமில், பழைய கார் வராது என்றதும் மேனேஜர் முகம் தொங்கிவிட்டது. போனஸ் கிடையாது சார், கம்பெனி பாலிசி என்றார். பட்டறைக்காரர், சரி யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். அவருக்கு நிஜமாகவே யோசனை இருந்தது, நடிப்பு இல்லை. மறுநாள் செப்டம்பர் 30, மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி. காலை பத்தரைக்குப் போன் வந்தது. ஆக்சஸரீஸில் கொஞ்சம், இன்சூரன்ஸில் கொஞ்சம் என்று எண்பதாயிரம் குறைத்தார்கள். பழைய காரே இல்லாமல்!

கணக்கைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் விட்டிருந்தால் 1,35,000, அதில் அக்கா பங்கு 17,500 போக 1,17,500. விடாததால் தள்ளுபடி 80,000, அக்கா கொடுத்தது 30,000, ஆக 1,10,000. வித்தியாசம் 7,500 ரூபாய். அறுபத்திரண்டரை லட்சத்தில் அது ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் இருபது காசு. போர்டில் 'ஒரு லட்சம் போனஸ்' என்று எழுதியிருந்ததன் உண்மையான எடை இவ்வளவுதான்.

விஜயதசமிக்குப் புதுக் கார் வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லாம் நடந்தது. எஸ்டீம் வேலைதான் இழுத்தது. தாசில்தார் ஆபீஸில் வாரிசு சான்றிதழ், அக்கா பெயரில் படிவம் 31, தம்பியின் ஆட்சேபணையில்லாக் கடிதம். இந்தத் தடவை ஸ்டாம்ப் பேப்பரை நீட்டியது அக்கா, கையெழுத்துப் போட்டது தம்பி. 2026 ஜூனில் ஆர்சி முடியும். இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரமாக ஏற்றியிருக்கிறார்கள். அதையும் சொல்லி எச்சரித்தார். "தெரியும், பையன் பார்த்துச் சொன்னான்" என்றார் அக்கா. எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக மெக்கானிக்கிடம் விட்டு ரப்பர் ஹோஸ்களை மாற்றி, அக்கா பெயரில் புது இன்சூரன்ஸும் போட்ட பிறகு, நவம்பர் கடைசியில் ஒரு நாள் சாவியை வாங்கிக்கொண்டார். முப்பதாயிரத்தை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் வைத்துக் கொடுத்தார். தம்பி எண்ணவில்லை.

மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அக்காதான் ஓட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்துக் கிணத்துக்கடவிலிருந்து போன், டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்களாம்.

"ஏண்டா, ஹாரன் அடிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"