சகடைச் சத்தம்

போன மாதம் ஒரு சீரியல் அலுவலகத்திலிருந்து போன். "சார், இதுவரைக்கும் நீங்க பண்ணின ஆர்.ஆர். எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்துடுங்க. இனிமே எடிட்டரே எடுத்து ஒட்டிக்குவார்" என்றார் அந்தத் தம்பி. மரியாதையாகத்தான் பேசினார். ஆர்.ஆர். என்கிற இந்தப் பின்னணி இசைத் தொழிலுக்கு வந்து 34 வருடம் ஆகிறது. பேசிய சம்பளத்தைக் குறைத்திருக்கிறார்கள், டைட்டிலில் பெயரை விட்டிருக்கிறார்கள். அதெல்லாம் நாளாக நாளாக ஆறிப்போயின. 'ஒட்டிக்குவார்' என்ற சொல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

1996-ல் ஒரு சின்னப் படத்துக்கு நான் ஆர்.ஆர். செய்தேன். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஒரே ஒரு கால்ஷீட். வயலின், புல்லாங்குழல், தபலா, கீபோர்ட் என்று நான்கே பேர். வயலின் வாசித்தவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய இசையமைப்பாளர்கள் பலரிடம் வாசித்தவர். எனக்காகக் கூலியைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார்.

நான்காவது ரீலில் ஒரு காட்சி. நிலத்தை விற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற அப்பா, வீட்டுக்குள் போகாமல் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்துக் கால் கழுவுகிறார். வசனம் இல்லை. 40 விநாடி. முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரைக்கும் சுபபந்துவராளியில் ஒரு வயலின் பிட் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ரீல் ஓடியது. மாஸ்டர் வில்லை எடுக்கவே இல்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரீலைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை ஓடி முடிந்ததும், "தம்பி, சகடை வாசிக்குதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றார்.

படப்பிடிப்பிலேயே பதிவான பைலட் டிராக்கில் அந்தக் கிணற்றுச் சகடை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. கயிறு இழுக்க இழுக்க ஒரு சத்தம், கை மாற்றும்போது ஒரு நிறுத்தம், மறுபடி அதே சத்தம். இரண்டரைக் கட்டைக்கும் மூன்றுக்கும் நடுவில், ஆர்மோனியத்தில் பிடிக்க முடியாத இடம். மாஸ்டர் பிருடையைத் திருகித் தந்தியை அந்தச் சத்தத்துக்கே இறக்கிக்கொண்டார். "வாளி தரையில உக்காரட்டும். அப்புறம் நான் உள்ள வர்றேன்" என்றார். நான் எழுதிய 40 விநாடியில் 29 விநாடி போனது. மிச்சம் 11. அதிலும் அவர் வாசித்தது மொத்தம் நான்கு சுரம்.

எந்த ராகம், எந்த வாத்தியம் என்பதெல்லாம் படித்தால் வந்துவிடும். எங்கே உள்ளே வருவது, எங்கே வாயை மூடுவது என்பதுதான் இன்றுவரைக்கும் என்னைத் தூங்கவிடாத விஷயம். வாளி உட்காருவதற்கு ஆறு ஃப்ரேம் முன்னால் வந்திருந்தால் அப்பாவின் துக்கத்தை நாங்கள் முந்திக்கொண்டு அறிவித்ததாகியிருக்கும். ஆறு ஃப்ரேம் என்பது கால் விநாடி. 60 டெம்போவில் ஒரு கிளிக்குக்கு 24 ஃப்ரேம், 96-ல் 15 என்று கணக்குப் போட்டுத் தாளத்தை உட்கார வைக்கலாம். துக்கம் கிளிக்கில் உட்காராது. அதற்கு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. மிக்ஸிங்கில் போய்ப் பார்த்தால், எஃபெக்ட்ஸ் ஆட்கள் பைலட் சத்தத்தைத் தூக்கிவிட்டு, கைவசம் இருந்த வேறொரு சகடையைப் போட்டிருந்தார்கள். சுத்தமான பதிவுதான். ஆனால் அதன் சுருதி வேறு. வயலின் அந்தரத்தில் தொங்கியது. பழைய சத்தம்தான் வேண்டும் என்று ராத்திரி ஒரு மணி வரை மன்றாடி அதைத் திரும்ப வாங்கினேன். பின்னால் அந்தப் படம் டிவியில் வந்தபோது, 24 ஃப்ரேம் 25 ஆக ஓடியதில் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிட்டது. சகடையும் வயலினும் சேர்ந்தே ஏறின. விலகவில்லை.

சீரியலில் இத்தனை அவகாசம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். காலையில் எபிசோட் வரும், இரவுக்குள் 22 நிமிடத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும். அப்படியும் நான் ஒவ்வொரு எபிசோடையும் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்டில் கை வைத்திருக்கிறேன். இப்போது 'சோகம் 1', 'சோகம் 2', 'மாமியார் என்ட்ரி', 'அதிர்ச்சி' என்று ஃபோல்டர் வைத்திருக்கிறார்கள். தாய் செத்தாலும் தாலி அறுந்தாலும் அதே 'சோகம் 2'. இடைவெளியே விடாமல் சுவரிலிருந்து சுவர் வரை இசை. நடிகர் மூச்சு விடுவதுகூடக் கேட்பதில்லை.

இதைச் சொன்னால் விவரம் தெரிந்த பிள்ளைகள் 'வீடு' படத்தைக் காட்டுகிறார்கள். 1988-ல் வந்த அந்தப் படத்துக்குப் பாலு மகேந்திரா, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டில் ஏற்கெனவே இருந்ததைத்தானே எடுத்துப் போட்டார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எடுத்தது யார்? தன் படத்தின் ஒவ்வொரு ஷாட்டையும் தானே ஒளிப்பதிவு செய்து, தானே வெட்டித் தொகுத்த மனிதர். எந்த இடத்துக்கு எது, எங்கே எதுவுமே வேண்டாம் என்று முடிவெடுத்த காது அங்கே இருந்தது. எடுத்த இசை பழையது, எடுத்த முடிவு புதியது. எல். வைத்தியநாதன் 'பேசும் படம்' செய்தாரே, வசனமே இல்லாத முழு நீளப் படம். இடைவெளி விடாமல் இசையால் நிரப்ப அதைவிட நல்ல சாக்கு ஏது? இந்தப் பிள்ளைகள் அதை ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கட்டும்.

பணக் கணக்கும் இதில் உண்டு. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, எழுதிக் கொடுத்தாலும் பறிபோகாத ராயல்டி உரிமையை இசையமைப்பாளருக்குக் கொடுத்தார்கள். எந்த பிட் எங்கே எத்தனை விநாடி ஓடியது என்ற கியூ ஷீட் இல்லாமல் அந்த உரிமையை எதை வைத்துக் கேட்பது? ஒட்டுகிறவர் கியூ ஷீட் எழுதுவதில்லை.

மாஸ்டர் இப்போது இல்லை. அவர் சுருதி இறக்கி வாசித்த அந்த வயலின், மகள் வீட்டில் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டேன். போட்ட ஒப்பந்தப்படி அது அவர்களுடைய சொத்து. புதிதாகப் படம் எடுக்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிடித்த வெளிநாட்டுப் படத்தின் இசையை ரெஃபரன்ஸ் என்று எடிட்டிலேயே போட்டுக் கொண்டுவராதீர்கள். வெறும் பைலட் சத்தத்தோடு ஒருமுறை எங்களுக்குப் படத்தை ஓட்டிக் காட்டுங்கள்.