இரண்டு கம்பிகள்

டீச்சர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா." மறுநாள் இரவே சொல்லிவிட்டேன்.

திருவானைக்காவலில் தனியாக இருக்கும் வயதானவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவருகிற சிறு குழுவில் ஐந்து வருடமாக இருக்கிறேன். மாத்திரை வாங்கித் தருவோம், கரண்ட் பில் கட்டுவோம், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம். அவர்களில் ஒருவரான டீச்சருக்கு வயது 79. பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்று எடுக்க உதவ நான் முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது, தபால்காரர் கொண்டுவந்த கருவியில் அவருடைய பத்து விரலில் ஒன்றுகூடப் பதியவில்லை. முதுமையில் ரேகை தேய்ந்துவிடும். "பென்ஷன் நின்னுடுமா?" என்று பயந்துபோனார். கைரேகை இல்லாமல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியும் சான்று எடுக்கலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணைச் சிமிட்டச் சொல்லி, மூன்றாவது தடவையில் முடித்துக்கொடுத்தேன். அன்றிலிருந்து என்னைத் தன் வீட்டுப் பெண்ணாகவே நினைத்தார். அந்த நம்பிக்கையில்தான் மணிக்கட்டுக் காயத்தையும் காட்டினார்.

மழை பெய்த ஓர் இரவு, பாத்ரூம் போக எழுந்தவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஈரத் தரையில் விழுந்து, சுவரைப் பிடித்துத் தானே எழுந்திருக்கிறார். இரண்டு வாரம் முன்புதான் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும், சில மாத்திரைகள் அதை இன்னும் இறக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்காரப் பழக்க வேண்டும். ஒரு நைட் லேம்ப், வழுக்காத மிதியடி, பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆள் வைத்து மாட்ட ஒரு காலைப்பொழுது போதும்.

இதில் ஒன்றையும் செய்யாமல் அமெரிக்காவில் இருக்கும் அவர் பையனுக்குப் போன் செய்தேன்.

கடமை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். உண்மை வேறு. டீச்சர் மறுபடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லலையே" என்ற கேள்வி என்னிடம் வரும். அந்தப் பயம் எனக்கு. இன்னொன்றும் உண்டு, சொல்லவே கூசுகிறது. "நீங்க இல்லேன்னா அம்மாவுக்கு யார் இருக்கா அக்கா" என்று அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் சொல்வார். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

அவர் மோசமான பிள்ளை இல்லை. பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பயந்துபோன, பாசமுள்ள பிள்ளையிடமிருந்து தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள டீச்சர் யாரிடம் போவார்? பையன் பத்து நாளில் வந்தார். மூன்றாவது வாரம் டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தவள் நான்தான்.

நான் போய்வருகிற வீடுகளில் விழுந்ததை மறைக்காதவர்கள் குறைவு. எலும்பு முறிவதைவிட, வாசல் கதவு பூட்டப்படுவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். இதைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்.

இதோடு முடிந்திருந்தால்கூட, தவறான முடிவு எடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். மூன்று மாதம் கழித்து இல்லத்துக்குப் போனேன். அறை சுத்தமாக இருந்தது, சாப்பாடும் நன்றாக இருந்தது. டீச்சர் கையைப் பிடித்து என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். சுவரில் இரண்டு கம்பிகள்.

"இதை அங்கேயே மாட்டியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு தன் வீட்டில் பதினோரு வருடம் வேலை பார்த்த பெண்ணின் பெயரைச் சொன்னார். "அவதான் பையனுக்குப் போட்டுக்கொடுத்துட்டா. போன் பண்ணா எடுக்கறதில்லை நான். நீ அவளைப் பார்த்தா, நான் கேட்டேன்னுகூடச் சொல்லாதே."

கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "சரி டீச்சர்" என்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அந்தப் பெண் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து ஓடிவந்தாள். "அக்கா, டீச்சர் ஏன் என்கூடப் பேச மாட்டேங்கறாங்க? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன்.