பழுது நாடும் கலை

மனிதன் படைத்த பொருள் எதுவும் பழுதுக்கு விலக்கன்று. உழும் ஏர் முறிகிறது. ஓடும் கடிகாரம் நிற்கிறது. இறைக்கும் பொறி இறுகுகிறது. பழுதுற்ற பொருளைக் கண்டவுடன் எறிந்துவிடுதல் எளிது. அப்பழுது யாது, அஃது எங்கே தோன்றியது என்று நாடி அறிதல் அரிது. அவ்வரிய கலையை எழுத்துப் பொறிகளின் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

மேலைநாட்டில் ரெமிங்டன் நிறுவனத்தார் 1874ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஆங்கிலத்திற்கு எழுத்துகள் 26; தமிழுக்கோ 247. இத்துணை எழுத்துகளையும் சில விசைகளுள் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர் சென்று வாழ்ந்த முத்தையா என்பார் இவ்வினாவிற்கு விடை கண்டு, தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்துப் புகழ் பெற்றார். அப்பொறியின் சிறப்பு ‘நகரா விசை’ ஆகும். புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் புள்ளி தாளிற் பதியும்; ஆயின் தாளைச் சுமக்கும் வண்டி நகராது. அடுத்துக் ககர விசையை அழுத்த, ககரம் அப்புள்ளியின்கீழ் வந்து அமையும். அதன் பின்னரே வண்டி ஓரெழுத்து நகரும். இவ்வாறு இரண்டு விசைகள் கூடி ஓர் எழுத்தை ஆக்கின.

பின்னர்க் கணினி வந்தது. சென்னையில் 1999ஆம் ஆண்டு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை முறையை ஏற்றது. பொறி மாறியது, எழுத்து மாறவில்லை. பழுதும் மாறவில்லை.

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் ஆண்டிமடம். செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்தது. அவ்வூரில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். சுற்றுவட்டாரத்துத் தட்டச்சுப் பயிலகங்களின் பொறிகளையெல்லாம் செப்பனிட்டவர் அவர். தட்டச்சுப் பொறிகள் அருகியபின் கணினி விசைப்பலகைகளைத் திருத்தவும் தாமே கற்றுக்கொண்டார்.

ஒருநாள் மாலை பள்ளி மாணவி ஒருத்தி பழைய விசைப்பலகை ஒன்றைத் துணியிற் பொதிந்து கொணர்ந்தாள். அவளுடைய தாய், அலுவலகத்திற்கு வருவோர்க்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைப்பவர். கணினியும் விசைப்பலகையும் பிறரிடம் பழையனவாக வாங்கியவை. அன்று காலை முதல் புள்ளி விழவில்லை. ‘பெயர்’ என அடிக்கப் ‘பெயர’ என வந்தது. ‘ஊர்’ என அடிக்க ‘ஊர’ என வந்தது. பெயர என்பது இடம்விட்டு நீங்க என்றும், ஊர என்பது தவழ்ந்து செல்ல என்றும் பொருள்படும். மெய்யின் தலையில் இருக்க வேண்டிய ஒரு புள்ளி நீங்கிய அளவில் பெயர்ச்சொற்கள் வினைச்சொற்களாகிவிட்டன! மனு அடிக்க வந்தோர் இருவர் திரும்பிப் போயினர். மறுநாட் காலைக்குள் அடித்துத் தரவேண்டிய மனுக்களும் சில இருந்தன.

“தாத்தா, புள்ளி விசை கெட்டுவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், ஓங்கி அழுத்தியும் பார்த்தேன். பயனில்லை. இதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டியதுதானா?” என்றாள் அவள்.

“கெட்டது புள்ளி மட்டுந்தானா அம்மா? எல்லா விசைகளையும் அடித்துப் பார்த்தாயா?” என்றார் முதியவர்.

அவள் விடை கூறவில்லை. முதியவர் அப்பலகையைத் தம் கணினியிற் பொருத்தி, ஒவ்வொரு விசையாக அடிக்கச் சொன்னார். புள்ளியோடு வகரமும் ஐகாரமும் நான்கு என்னும் இலக்கமும் வாய்திறவாது நின்றன. பிற யாவும் செம்மையாக விழுந்தன. “என் கணினியிலும் இக்குறை தொடர்கிறது. ஆதலின் குறை உங்கள் கணினியில் இல்லை, பலகையிலேயே உள்ளது. மேலும், நான்கு விசைகள் ஒரே நாளில் தனித்தனியே கெடுதல் அரிது. நான்கிற்கும் பொதுவான ஒன்றே கெட்டிருக்கும்” என்றார் அவர்.

தட்டச்சுப் பொறியில் அவர் கற்ற முறை இதுவே. ஓரெழுத்து மட்டும் எழுந்து திரும்பாதாயின், அவ்வெழுத்தைத் தாங்கும் கம்பியில் தூசியும் எண்ணெயும் பிசினாகத் திரண்டிருக்கும். அதனைத் துடைத்தல் வேண்டும். எல்லா எழுத்துகளும் ஓரிடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுமாயின், எழுத்துக் கம்பிகளைக் குறை கூறுவதிற் பயனில்லை. வண்டியை இழுக்கும் வார் அறுந்திருக்கலாம். புள்ளி மட்டும் எழுத்தைவிட்டு விலகி விழுமாயின், நகரா விசையே நகர்த்தும் விசையாகிவிட்டது என்று உணர்தல் வேண்டும். ஒன்றா, பலவா, எல்லாமா என்பதே முதல் வினா.

விசைப்பலகையிலும் இம்முறை பொருந்தும். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி இருப்பதில்லை. நெடுக்கிலும் குறுக்கிலும் மின்வழிகள் அமைந்துள்ளன. ஒரு விசையை அழுத்தும்போது ஒரு நெடுக்குவழியும் ஒரு குறுக்குவழியும் கூடுகின்றன. எவ்விரண்டு கூடின என்பது கொண்டு எழுத்து இன்னதென்று பொறி அறிகிறது. வழி ஒன்று அறுந்தால், அவ்வழியைச் சார்ந்த விசைகள் யாவும் ஒருங்கே ஊமையாகும்.

முதியவர் பலகையைக் கணினியினின்று பிரித்தபின் அதன் திருகுகளைக் கழற்றினார். எத்திருகு எவ்விடத்தது என்று மாணவியைக் குறித்துக்கொள்ளச் செய்தார். உள்ளே மெல்லிய ஞெகிழித் தாள்கள் மூன்று இருந்தன. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் மின்வழிகள் வரையப்பட்டிருந்தன; நடுத்தாள், விசைக்கு நேராகத் துளைகளைக் கொண்டு இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. என்றோ சிந்திய தேநீர் உள்ளே இறங்கியிருந்தது.

கறையைக் கண்டவுடன் அவர் முடிவு செய்துவிடவில்லை. மின்னோட்டம் அறியும் மீட்டரை எடுத்து, அவ்வழியின் இரு முனைகளிலும் வைத்தார், முள் அசையவில்லை. நடுவில் வைத்தார், ஒரு பாதி நன்று, மறுபாதி பழுது. பழுதான பாதியை மீண்டும் பாதியாக்கினார். இவ்வாறு சுருங்கிச் சுருங்கி, கறையின் அடியிலே நகக்கண் அளவான அறுப்பு புலப்பட்டது. அவ்விடத்தைத் தூய்மை செய்து, வெள்ளித் துகள் கலந்த மின்கடத்தும் பூச்சை மெல்லிய தூரிகையால் இட்டு இணைத்தார்.

“இப்பொழுதே பூட்டிப் பார்க்கலாமா தாத்தா?” என்று மாணவி விரைந்தாள்.

“பூச்சு உலரவேண்டும். இரவு கழியட்டும். காலையில் வா அம்மா” என்றார் அவர்.

மறுநாட் காலை, குறித்து வைத்த வரிசைப்படி மாணவியே திருகுகளைப் பூட்டினாள். ‘பெயர்’ என அடித்தாள், புள்ளியோடு விழுந்தது. ‘ஊர்’ என அடித்தாள். ஊர் ஊராகவே நின்றது. தாயின் மனுக்கள் உரிய நேரத்தில் சென்றன.

இத்தகைய முயற்சி ஆண்டிமடத்திற்கு மட்டும் உரியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1985ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ‘மாடல் எம்’ என்னும் விசைப்பலகையை இன்றும் போற்றிப் பயன்படுத்துவோர் பல நாடுகளில் உளர். அதன் பின்புறத்துள்ள ஞெகிழி ஆணிகள் நாளடைவில் முறிந்துவிடும்; விசைகள் தளரும். அவர்கள் பலகையை எறிவதில்லை. முறிந்த ஆணிகளின் இடத்தில் சிறு திருகாணிகளைப் பொருத்தி, அதனை மீண்டும் இயங்கச் செய்கின்றனர்.

எல்லாப் பழுதும் திருந்தும் என்று கூறுவதற்கில்லை. திருந்தாத பலகையின் நல்லுறுப்புகள் மற்றொரு பலகைக்கு உதவும். ஆயினும் திருந்துமா, திருந்தாதா என்பதை ஆராய்ந்த பின்னரே கூறுதல் அறிவுடைமை. நோயையும், நோயின் காரணத்தையும், அது தணியும் வழியையும் முறையே ஆராயுமாறு வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு உரைத்தார். அவ்வறிவுரை பொறிக்கும் பொருந்தும். விரல் உணரும் இடம் ஒன்று. பழுது வாழும் இடம் வேறு. ஓங்கி அழுத்துவோர்க்கு அவ்விடம் புலப்படாது. பொறுமையுடன் வினவுவோர்க்கே புலப்படும்.