அப்பாவின் பத்மினியும் உப்பளத்து உப்பும்

ஸ்க்ரூ டிரைவரை லேசாத்தான் வெச்சு அழுத்தினேன். பொத்துன்னு உள்ள போயிடுச்சு. முனை மட்டும் இல்லை மக்களே, பிடி வரைக்கும்.

கார் ஜாக்கி மேல நிக்குது. நான் கீழே மல்லாக்கப் படுத்திருக்கேன். கதவுக்குக் கீழே முன் சக்கரத்துலேருந்து பின் சக்கரம் வரைக்கும் நீளமா ஒரு தகடு ஓடும், மெக்கானிக்குங்க ரன்னிங் போர்டுன்னு சொல்லுவாங்க. அதைத்தான் தட்டிப் பார்த்துட்டு இருந்தேன். வெளியே பளபளன்னு வெள்ளை பெயிண்ட். ஸ்க்ரூ டிரைவரை உருவினதும் உள்ளேருந்து காப்பித்தூள் மாதிரி துரு கொட்டி என் சட்டையெல்லாம் செவப்பு.

"சார், மொதல்ல வெளியே வாங்க. ஜாக்கி நிக்கிற எடமும் இப்படித்தான் இருக்கும்"னு மெக்கானிக் பாய் என் காலைப் பிடிச்சு இழுக்காத குறை.

மாடியிலேருந்து அப்பா குரல். "இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

இது 2024-ல. ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும் இல்லையா, அதுக்கு வண்டியைத் தயார் பண்ணலாம்னு ஆரம்பிச்ச வேலை. அந்த "ஒண்ணும் இல்லப்பா"வை அதுக்கப்புறம் எத்தனை வாரம் இழுத்தேன்னு கடைசியில சொல்றேன். இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. அப்பா கணக்கு வாத்தியார். 1989-ல ஒரு டாக்டர்கிட்டேருந்து செகண்ட் ஹேண்டுல வாங்கினார். நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. அம்பூர் சாலை வழியா வண்டி வந்து உப்பளத்துல எங்க தெருவுக்குள்ள திரும்பினப்போ தெருவே வாசல்ல நின்னுச்சு. முன் சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங் தண்டுலேயே இருக்கும், அதனால கால் வைக்கிற எடத்துல ஒரு தடையும் இல்லை. முன்னாடி மூணு பேர், பின்னாடி நாலு பேர், மடியில ரெண்டு பொடிசுங்கன்னு ஒன்பது பேர் பாகூர் ஆயா வீட்டுக்குப் போயிருக்கோம். ஏ.சி.யாவது ஒண்ணாவது. முன் கதவுல ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பி விட்டா காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். இன்னிக்கு வர்ற வண்டியில அதை ஏன் எடுத்துட்டாங்கன்னு எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொண்ணு, அந்த ஃபர்ஸ்ட் கியர். மத்த மூணு கியருக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு, ஃபர்ஸ்ட்டுக்குக் கிடையாது. வண்டி முழுசா நின்னப்புறம்தான் போடணும். போட்டுக் கிளப்பினா "ஊஊ"ன்னு ஒரு ஊளை. அப்பா ஸ்கூல்லேருந்து வர்றார்னு அம்மா அந்தச் சத்தத்தை வெச்சே அடுப்புல பாலை ஏத்துவாங்க.

எதிர் வீட்டுல ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். அவர் அல்ஜீரியாவுல இருந்தவர். முதல் நாளே பானெட்டைத் தொறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துட்டு, "வாத்தியாரே, இது எங்க சிம்கா ஆச்சே!"ன்னார். அப்பா மரியாதைக்காகச் சிரிச்சார். அது ஃபியட், இத்தாலிக்காரன் சரக்கு, இந்தக் கிழவருக்கு எல்லாமே பிரான்ஸ்தான்னு உள்ளே வந்து எங்ககிட்ட சொன்னார்.

தாத்தா சொன்னது சரின்னு பல வருஷம் கழிச்சு கூகிளாண்டவர்தான் எனக்குச் சொன்னார்.

தாந்தே ஜியகோசா (நாக்கு சுளுக்கினா நான் பொறுப்பில்லை :-)) அப்படின்னு ஒரு எஞ்சினியர். 1905-ல பொறந்தவர். தொப்போலினோன்னு செல்லமா சொன்ன 1936-ம் வருஷத்து குட்டி ஃபியட்டும் அவர் கைவண்ணம்தான், 1957-ல வந்த ஃபியட் 500-ம் அவர் கைவண்ணம்தான். அவர் 1937-ல ஒரு 1100 வண்டி பண்ணினார். நாலு சிலிண்டர், 1089 சி.சி. அதையே பிரான்ஸ்ல சிம்கா கம்பெனி லைசென்ஸ் வாங்கி சிம்கா 8-னு வித்துச்சு. அந்த எஞ்சினையே கொஞ்சம் பெருசாக்கி 1221 சி.சி. ஆக்கினாங்க. 1951-ல வந்த சிம்கா அரோந்துக்குள்ள இருந்தது அந்த வம்சம்தான். அல்ஜீரியாவுல தாத்தா பார்த்துப் பழகினது அரோந்தாத்தான் இருக்கணும். எஞ்சினைப் பார்த்ததுமே ஜாதகத்தைக் கண்டுபிடிச்சுட்டார் மனுஷன். அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு எனக்குத் தோணினப்போ அவர் இல்லை.

எஞ்சினோட கதை இது. உடம்போட கதை வேற. 1937-ல வந்ததுக்கு அடியில தனியா ஒரு சேசிஸ், அதுக்கு மேல பாடி. கட்டில் மேல மெத்தை போட்ட மாதிரி. 1953-ல அதே ஜியகோசா, 103-ங்கிற நம்பர்ல புது 1100-ஐக் கொண்டு வந்தப்போ கட்டிலைத் தூக்கிப் போட்டுட்டார். மெல்லிசான இரும்புத் தகடுங்களை அழுத்தி, மடிச்சு, பெட்டி பெட்டியா ஒண்ணோட ஒண்ணு வெல்டிங் பண்ணி, பாடியே சேசிஸ் ஆகிடுச்சு. தரை, கதவுக்குக் கீழே ஓடுற ரன்னிங் போர்டு, கூரையைத் தாங்குற தூண் எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கும். எடை குறைவு, பெட்ரோல் மிச்சம், உள்ளே எடம் ஜாஸ்தி. நாலு மீட்டருக்கும் கம்மியான நீளத்துல ஒன்பது பேர் பாகூர் போனோமே, அதுக்குக் காரணம் இதுதான். போருக்கு அப்புறம் கொஞ்சம் காசு பார்க்க ஆரம்பிச்ச இத்தாலிக் குடும்பங்களுக்காகப் பண்ணின வண்டி, நம்ம ஊர் வாத்தியார் குடும்பத்துக்கும் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு.

பம்பாய் குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். வால்சந்த் ஹீராசந்த் 1944-ல ஆரம்பிச்ச கம்பெனி. முதல்ல டாட்ஜ், பிளிமத்னு அமெரிக்க வண்டிங்களைப் பூட்டிட்டு இருந்தாங்க. 1954-ல இந்த 1100 இங்கே வந்துச்சு. அதே வருஷம் நவம்பர் 1-ம் தேதிதான் பிரெஞ்சுக்காரன் பாண்டியை விட்டுக் கிளம்பினான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொல்லி வெச்சேன். முதல்ல வந்த வண்டிக்கு முன் கதவு பின்பக்கமா கீல் வெச்சு மாட்டியிருக்கும், தெரு வீட்டு ஜன்னல் மாதிரி எதிர்ப்பக்கமாத் தொறக்கும். பம்பாயில அதுக்கு டுக்கர் ஃபியட்டுன்னு பேரு. டுக்கர்னா மராத்தியில பன்னி. 1964-லேருந்து கதவு ஒழுங்காத் தொறக்குற, பின்னாடி குட்டியா வால் துருத்திக்கிட்டு இருக்குற மாடல் வந்துச்சு, 1100 டிலைட்டுன்னு. லால் பகதூர் சாஸ்திரி பிரதமரா இருக்கும்போது கடன் வாங்கி ஃபியட் வாங்கினார்னு கதை கேட்டிருப்பீங்களே, அதுவும் 1964-தான். பன்னிரண்டாயிரம் ரூபா வண்டிக்கு அஞ்சாயிரம் பேங்க் கடன். 1966-ல அவர் இறந்தப்புறம் மிச்சக் கடனை அவர் மனைவிதான் பென்ஷன்லேருந்து கட்டினாங்க. எங்கப்பா எங்க வண்டிக்கு வாங்கின சொசைட்டி கடனைப் பத்தி அம்மா முணுமுணுக்கும்போதெல்லாம் இந்தக் கதையை எடுத்து விடுவார். அம்மா, "அப்போ நீங்க போனப்புறம் நான்தான் கட்டணுமா?"ன்னு கேப்பாங்க :-)

எழுபதுகள்ல ஃபியட் பேரை எடுத்துட்டாங்க. கொஞ்ச நாள் பிரீமியர் பிரெசிடென்ட். 1974-லேருந்து சித்தூர் ராணி பேர்ல பத்மினி. இத்தாலியில 1969-லேயே 1100-க்கு மூடுவிழா நடத்திட்டு, ஜியகோசா முன்சக்கரம் இழுக்குற 128-ஐக் கொண்டு வந்துட்டார். நாம மட்டும் 2000 வாக்குல வரைக்கும் இதையே பண்ணிட்டு இருந்தோம். வேற வண்டி இறக்க விட மாட்டாங்க, இருக்குற வண்டிக்கு வருஷக்கணக்கா க்யூ. நிக்கிற கூட்டம் கலையாதப்போ எவன் புதுசா டிசைன் பண்ணுவான்? 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்புறம்தான் கூட்டம் கலைஞ்சுது. இருந்தாலும் பம்பாய் டாக்சிக்காரங்க விடலை. மும்பையில கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபர் 29. இருபது வருஷம்தான் டாக்சியா ஓடலாம்னு கணக்கு. அதனால 2023 அக்டோபர் 30-லேருந்து அங்கே ஒரு பத்மினி டாக்சியும் இல்லை. அந்தச் செய்தியை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "நம்ம வண்டி இருக்குல்ல"ன்னார்.

நம்ம வண்டி. அதுக்கு வர்றேன்.

உப்பளம்னு பேரே இருக்கு, தனியா வேற சொல்லணுமா. கடல் நடந்து போற தூரம். காலையில கண்ணாடியைத் தொட்டா விரல்ல பிசுபிசுப்பு ஒட்டும். உப்பு, ஈரத்தை இழுத்து வெச்சுக்கிட்டு இரும்பைத் தின்னும். அந்தக் காலத்துப் பத்மினிக்கு அடியில பெயிண்டைத் தவிர வேற பாதுகாப்பு கிடையாது. தனியா சேசிஸ் இருக்குற ஜீப்புன்னா பாடி ஓட்டையானாலும் கெட்டியான சட்டம் தாங்கும். இதுல தாங்குறதே அந்த மெல்லிசுத் தகட்டுப் பெட்டிதான். அதுவும் துரு உள்பக்கத்துலேருந்து ஆரம்பிக்கும். வெளியே தெரியுறப்போ உள்ளே ஆட்டம் முடிஞ்சிருக்கும்.

இது எதுவும் அப்பா படிச்சதில்லை. ஆனா ஞாயித்துக்கிழமையானா வண்டிக்கு மேல துடைக்கிறாரோ இல்லையோ, அடியில ட்யூபை விட்டு நல்ல தண்ணி அடிப்பார். அப்புறம் துடைப்பத்துலேருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கிட்டு உக்காருவார். கதவுக்கு அடியிலயும் ரன்னிங் போர்டுக்கு அடியிலயும் தண்ணி வடியறதுக்குன்னு சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கும். ஒவ்வொண்ணாக் குத்தி மண்ணை எடுப்பார். தெருப் பசங்க முன்னாடி எனக்கு மானம் போகும். "காருக்குக் காது குடையுறாரா உங்கப்பா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் அவன்கூட சேர்ந்து சிரிச்சேன்.

2011-ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக். மாடிப்படி இறங்க முடியாது. வண்டி என் பொறுப்பாச்சு. ஞாயித்துக்கிழமை அடியில படுத்து ஈர்க்குச்சி குத்த எனக்கு எங்கே நேரம்? ஒரு ஒர்க்‌ஷாப்புல கேட்டேன். "அடியில ஃபுல்லா கோட்டிங் அடிச்சுடலாம் சார், அப்புறம் நீங்க திரும்பிப் பார்க்கவே வேணாம்"னான். தார் மாதிரி கருப்பா, கெட்டியா அடிச்சுக் குடுத்தான். எவ்வளவு பெரிய வேலையைக் காசைக் குடுத்து முடிச்சுட்டோம்னு எனக்கு ஒரே பெருமை. திரும்பிப் பார்க்கவே இல்லை. ரெண்டு தடவை மேல பெயிண்ட் மட்டும் அடிச்சேன்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போன அன்னிக்குத்தான் பாய் அந்தக் கருப்புப் பூச்சைச் சுரண்டிக் காட்டினார். அத்தனை ஓட்டையையும் தார் அடைச்சிருந்துச்சு. மழைத்தண்ணி, கடல் ஈரம் எல்லாம் மேலேருந்து உள்ளே இறங்கியிருக்கு, வெளியே போக வழியில்லை. பதிமூணு வருஷமா ரெண்டு ரன்னிங் போர்டும் மூடி வெச்ச ஊறுகாய் ஜாடி.

இதுல என்ன கொடுமைன்னா, சாவியைப் போட்டா எஞ்சின் இன்னிக்கும் ஒரே சுத்துல எழுந்துக்கும். 1937-ல வரைஞ்ச அந்த வார்ப்பிரும்புக் கிழவனுக்கு ஒண்ணும் ஆகலை. 1953-ல வந்த புத்திசாலித்தனமான உடம்புதான் போச்சு. போச்சுன்னா, நான் கொன்னது.

அப்பாகிட்ட சொல்லலை. ஆர்.சி. தேதி முடிஞ்சுது, அதையும் சொல்லலை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கீழே போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டு ஆஃப் பண்ணிட்டு வருவேன். "அடியில தண்ணி அடிச்சியா?"ன்னு கேப்பார். "அடிச்சேன்பா." தங்கமணி என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாது. இப்படியே பல மாசம்.

போன ஞாயிறு மேலே வந்து உக்கார்ந்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டார்.

"வண்டி எவ்வளவு நாளா நகரலை?"

"ஏம்பா, இப்பதானே..."

"எஞ்சின் சத்தம் கேக்குது. ஃபர்ஸ்ட் கியர் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு?"

அதுக்கு மேல பொய் சொல்ல வரலை. ஸ்க்ரூ டிரைவர்லேருந்து எல்லாத்தையும் சொன்னேன். தார் கதைக்கு வந்தப்போ நான் முடிக்கறதுக்குள்ள அவரே, "ஓட்டையெல்லாம் அடைச்சுட்டானா?"ன்னு கேட்டார். தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பேசலை. தூங்கிட்டார்னு நினைச்சு எழுந்தேன்.

"ரெண்டு பக்கமும் அறுத்து எடுத்துட்டு புதுத் தகடு வளைச்சு வெக்கச் சொல்லு. பழைய டிங்கர் ஆளுங்களுக்குத் தெரியும். கதவைக் கழட்டறதுக்கு முன்னாடி உள்ளே குறுக்க முட்டு குடுக்கணும், இல்லன்னா கூண்டு கோணிக்கும்."

"சரிப்பா."

"இங்க வெச்சுப் பண்ணாத. அறுத்துப் போட்டா ரெண்டே நாள்ல மறுபடி பூத்துடும். வில்லியனூர் பக்கம் எங்கயாவது தூக்கிட்டுப் போ."

நேத்து வில்லியனூர்ல ஒரு டிங்கரைப் பிடிச்சாச்சு. வண்டியைக் கட்டி இழுத்தா நடுவுல ஒடிஞ்சுக்கும், லாரியில ஏத்தித்தான் கொண்டு வரணும்னு சொல்லியிருக்கார். புதன்கிழமை லாரி வருது. அப்பா ஈர்க்குச்சி நாலு எடுத்துக் கட்டி வெச்சிருக்கார், டிங்கர்கிட்ட குடுக்கணுமாம்.

டிஸ்கி: வில்லியனூர் பக்கம் யாராவது பத்மினிக்கு ரன்னிங் போர்டு மாத்தியிருந்தா, எத்தனை கேஜ் தகடு போட்டீங்கன்னு சொல்லுங்க. டிங்கர் ஒண்ணு சொல்றார், பாய் ஒண்ணு சொல்றார், அப்பா மூணாவதா ஒண்ணு சொல்றார்.