வைப்பாறு காட்டும் வழி

கடலே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கடல் உயிரியல் படிப்பு எதற்கு? இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு மாணவன் இவ்விருப்பத்தை வெளியிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கேள்வியில் நியாயமும் உண்டு. 1985-ஆம் ஆண்டு வரை இவ்விரு ஊர்களும் நெடிய கடற்கரையுடைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. அவ்வாண்டு பிரிந்த விருதுநகர் மாவட்டத்திற்கோ ஒரு முழக் கடற்கரையும் கிட்டவில்லை. ஆயினும், இவ்வூர்களின் நீர் செல்லும் வழியே நாமும் சென்று பார்ப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில், மேற்கே மலைத்தொடர் நம்முடனேயே வருகிறது. அங்கிருந்து இறங்கும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தங்கி இராஜபாளையத்தாரின் தாகம் தீர்க்கிறது. மற்ற ஓடைகள் கண்மாய்களை நிரப்புகின்றன. மிஞ்சுவது வைப்பாற்றை அடைந்து, சாத்தூர், இருக்கன்குடி, விளாத்திகுளம் எனக் கிழக்கே நடந்து, சிப்பிக்குளம் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மழைக்காலம் நீங்கின் மணலே மிகுந்த ஆறுதான். எனினும் மலைக்கும் கடலுக்கும் இடையிலான உறவை அது மறப்பதில்லை.

இவ்வுறவு மிகப் பழமையானது. வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. கடலின் சங்கு அன்றே உள்நாட்டுக் கைகளை அணி செய்தது. உயிரினங்களுள் விலாங்கு மீனைக் காணுங்கள். ஆற்றிலும் குளத்திலும் பல்லாண்டு வளரும் அது, இனம் பெருக்கக் கடலையே நாடிச் செல்கிறது. அதன் குஞ்சுகள் மீண்டும் நன்னீரைத் தேடி வருகின்றன.

வைப்பாறு கலக்கும் கரைக்குச் சற்றுத் தெற்கே வேப்பலோடை. அங்கேதான் 1973-ஆம் ஆண்டு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அறிஞர் அழகர்சாமியும் அவர்தம் குழுவினரும் முத்துச்சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். எதிரே கடலில் பவளப்பாறைகள் சூழ்ந்த தீவுகள். 1986-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவான இப்பகுதியில் 21 தீவுகள் இருந்தன; அவற்றுள் இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கெனப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் இதற்கு ஒரு காரணம். எஞ்சியவற்றை அளந்து, ஆராய்ந்து, காப்பதற்குக் கற்றவர் தேவை.

அதற்கு வழிகள் இரண்டு. மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர், மதிப்பெண் தரவரிசைப்படி, தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மீன்வளக் கல்லூரியில் நான்காண்டு பட்டப்படிப்பில் சேரலாம். அன்றி, அருகிலுள்ள கல்லூரியிலேயே மூன்றாண்டு விலங்கியல் பயின்று, பின்னர் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக உயராய்வு மையத்தில் கடல் உயிரியல் முதுகலை பயிலலாம். தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குத் தேறுவோர், ஆய்வுக் காலத்தில் பெற்றோர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் படித்து முடித்தவுடன் வேலை காத்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆராய்ச்சியாளர் பதவிகள் சிலவே, போட்டியோ பெரிது. முனைவர் பட்டம் வரை செல்வோர்க்குப் பத்தாண்டுகள் ஓடிவிடும். பணியும் மீன் நாற்றத்தினிடையே நின்று, எடை பார்த்து, இரைப்பையை அறுத்து, ஒவ்வொன்றாய்க் குறித்துக்கொள்ளும் பொறுமையைக் கேட்பது. ஆலைக் கூலியில் குடும்பம் நடத்தும் தந்தை அஞ்சுவது இயல்பே.

ஆதலின் பெற்றோரே, பிள்ளையை உடனே தடுக்கவும் வேண்டா, உடனே அனுப்பவும் வேண்டா. ஒரு குறிப்பேட்டை வாங்கிக் கொடுங்கள். ஓராண்டுக் காலம், ஊர்க் கண்மாயில் எம்மாதத்தில் எம்மீன், எப்பறவை, எவ்வளவு நீர் என்று அவன் அல்லது அவள் எழுதிவரட்டும். நீர் வற்றிய சித்திரையிலும் அக்கை ஓயாது எழுதுமாயின், துணிந்து அனுப்புங்கள்.